மீன் தொட்டித் தண்ணீருக்குப் புற ஊதா விளக்கு: குழாய் இணைக்கும் முறை

கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் இப்பொழுது பட்டணங்களுடன் நில்லாமல் கிராமங்களிலுள்ள நிலச்சுவான்தார்களின் வீடுகளிலும் பரவி வருகிறது. சென்னையைச் சேர்ந்த கொளத்தூர்ப் பகுதியில் இது பல குடும்பங்களுக்கு ஜீவனத் தொழிலாகவே அமைந்திருக்கிறது. கிணறும் காலியிடமும் உள்ள விவசாயிகளில் சிலர் இதை உபதொழிலாகக் கைக்கொண்டிருக்கிறார்கள். அழகுக்காக வளர்ப்பவர்க்கும் ஆதாயத்துக்காக வளர்ப்பவர்க்கும் பொதுவாக நேரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, தொட்டித் தண்ணீர் பாசிக் குழம்பாகப் பச்சை நிறமடைதல். மற்றொன்று, வெள்ளைப்புள்ளி முதலான நோய்கள் ஒரு மீனிலிருந்து மற்ற மீன்களுக்குத் தண்ணீர் வழியே தொற்றுதல். இரண்டாவது வந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் தொட்டி முழுவதும் வெறுமையாகிவிடுவதும் உண்டு.

இவற்றுக்குப் பரிகாரமாகக் கடைகளில் 'யூ.வி.' என்று வழங்கும் புற ஊதா விளக்குக் கருவி விற்கப்படுகிறது. வாங்கிப் பொருத்திய சிலர், "விளக்கு இரவும் பகலும் எரிகிறது, தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது, மீனும் சாகிறது" என்று முறையிடுகிறார்கள். இத்தகைய இடங்களிற் பெரும்பாலும் குற்றம் விளக்கினுடையதன்று. விளக்குக்குத் தண்ணீரைக் கொண்டு சேர்க்கும் குழாயினுடையதே. மோட்டார் எவ்வளவு நல்லதாயினும் வாய்க்கால் சரியாக வெட்டப்படாவிடில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பதை நமது விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே நியாயம் இங்கும் பொருந்தும். ஆதலின் இக்கருவியைத் தொட்டியுடன் இணைக்கும் முறையும், அம்முறைக்குரிய காரணங்களும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

விளக்கு செய்யும் வேலை

சூரிய வெளிச்சம் நுண்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் 1877-ஆம் வருடத்தில் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களுக்கே இச்சக்தி அதிகம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில் 1910-ஆம் வருடத்திலேயே குடிதண்ணீரைச் சுத்தி செய்ய இக்கதிர்கள் உபயோகிக்கப்பட்டன. இன்று மீன் தொட்டிக்கு விற்கப்படும் கருவியும் அதே தத்துவத்தில் அமைந்ததே.

கருவியின் உள்ளே பாதரச ஆவி நிரம்பிய மெல்லிய விளக்கு ஒன்று இருக்கும். அது வெளியிடும் கதிரின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். இக்கதிர் ஒரு கிருமியின்மேல் போதிய அளவு பட்டால், அதன் உயிரணுவிலுள்ள மரபுப் பொருள் சேதமடைந்து, அக்கிருமி பெருகும் சக்தியை இழந்துவிடுகிறது. விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் என்னும் பளிங்குக் குழல் உறை போட்டிருப்பார்கள். சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும், குவார்ட்ஸ் கடத்தும். ஆகையால் இவ்வுறை உடைந்தால் கடையிற் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடிக் குழலை மாற்றாகப் போடுவதில் பயனில்லை. உறைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் தண்ணீர் ஓடும்போது கதிர் அதன்மேல் படுகிறது.

கருவி செய்யாத வேலைகளையும் முன்னதாகவே அறிந்திருத்தல் நலம். மீனின் உடம்பில் ஏற்கெனவே ஒட்டிய நோயை இது தீர்க்காது. மீன் பேன், நங்கூரப் புழு முதலியவற்றை ஒழிக்காது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நீக்காது. கண்ணாடியிலும் கல்லிலும் படிந்த பாசியை அகற்றாது. தன் உட்புறமாகச் செல்லும் தண்ணீரில் மிதக்கும் பாசியணுக்களையும் கிருமிகளையும் மாத்திரமே இது தாக்கும்.

வெள்ளைப்புள்ளி நோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்நோயை விளைவிக்கும் நுண்ணுயிர் மீனின் தோலுக்கடியில் தங்கி வளர்கிறது. வளர்ந்தபின் மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வேறு மீனைத் தேடுகின்றன. சுமார் இரண்டு நாட்களுக்குள் மீன் அகப்படாவிடில் இறந்துவிடுகின்றன. இம்மூன்று பருவங்களுள் நீந்தும் பருவத்தில் மாத்திரமே விளக்கு இதைக் கொல்லும். அதுவும், அது குழாய் வழியே வந்தால்தான். ஆகவே புற ஊதா விளக்கு நோய் பரவும் வேகத்தைக் குறைக்கும் காவலே தவிர, வைத்தியம் அன்று.

மூன்று நிபந்தனைகள்

இக்காவல் பலிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மூன்றும் குழாய் அமைப்பைப் பொறுத்தவை.

முதலாவது, தெளிவு. தண்ணீரிலுள்ள தூசி ஒவ்வொன்றும் தன் பின்னே நிழலை உண்டாக்கும். அந்த நிழலில் செல்லும் கிருமி தப்பித்துக்கொள்ளும். ஆதலால் வடிகட்டியில் வடிந்த தண்ணீரே விளக்குக்குச் செல்ல வேண்டும். சண்டை மீன் வளர்ப்போர் நாட்டு வாதுமை இலையைத் தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். அதிலிருந்து இறங்கும் பழுப்புச் சாறும் இக்கதிரை விழுங்கிவிடும்.

இரண்டாவது, நிதானம். கதிரின் பலத்தையும் அது படும் நேரத்தையும் பெருக்கி வருவதே கிருமிக்குக் கிடைக்கும் அளவு. இதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று கணக்கிடுவார்கள். சாதாரணப் பாக்டீரியாக்களிற் பலவற்றுக்கு 10 மில்லிஜூலுக்கு உட்பட்ட அளவே போதும். வெள்ளைப்புள்ளிக் குஞ்சு போன்ற பெரிய நுண்ணுயிர்களுக்கு உத்தேசம் பத்து மடங்கு தேவைப்படும். கருவியின் உட்புறம் அரை லிட்டர் கொள்ளுமானால், மணிக்கு 1,200 லிட்டர் வேகத்தில் தண்ணீர் அதற்குள் தங்கும் நேரம் ஒன்றரை விநாடி மாத்திரமே. அதே கருவியில் மணிக்கு 300 லிட்டர் விட்டால் 6 விநாடி தங்கும். விளக்கு ஒன்றே, குழாயிலுள்ள வால்வைத் திருகியதால் பலன் நான்கு மடங்காகிறது.

மூன்றாவது, சுற்று. தொட்டியின் கொள்ளளவு தண்ணீர் ஒருமுறை விளக்கைக் கடந்துவிட்டால் தொட்டி முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று கருதுவது பிசகு. சுத்தமான தண்ணீர் அசுத்தத்துடன் கலந்துகொண்டே இருப்பதால், சென்ற தண்ணீரே மறுபடியும் செல்லும். செல்லாதது செல்லாமலே நிற்கும். சாயம் கலந்த 100 செம்புத் தண்ணீர் உள்ள அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொட்டி, பதிலுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். 100 முறை செய்தபின்னும் 100-க்கு 37 பங்கு சாயம் மிஞ்சும். 300 முறை செய்தால் 5 பங்கும், 460 முறை செய்தால் 1 பங்கும் நிற்கும். கிருமிகளோ சாயத்தைப்போல் சும்மா இராமல் இதற்கிடையில் பெருகவும் செய்யும். ஆகையால் விளக்கு நாள் முழுவதும் எரிய வேண்டும். தண்ணீரும் பலமுறை சுற்ற வேண்டும்.

நிதானமும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிரிடையானவை. மிக மெதுவாக விட்டால் சுற்று குறையும். மிக வேகமாக விட்டால் கிருமி சாகாது. இவ்விரண்டுக்கும் நடுவழியைக் காண்பதே குழாய் அமைப்பின் சாமர்த்தியம்.

ஒரு தொட்டிக்குக் கணக்கு

120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். மேல்விளிம்பில் விடும் இடைவெளி, மணல், கல் இவற்றைக் கழித்தால் சுமார் 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதற்கு 11 வாட் கருவி ஒன்றைப் பொருத்துவதாகக் கொள்வோம். உற்பத்தியாளர் தரும் விவரச் சீட்டில் பாசிக்கு ஒரு வேகமும், நோய் நுண்ணுயிர்களுக்கு அதைவிடக் குறைந்த வேகமும் தனித்தனியே கண்டிருந்தால், பின்னதையே பின்பற்ற வேண்டும். ஒரே ஒரு வேகம் மட்டும் காணப்பட்டால், அது பாசிக்குரியது என்று எண்ணி அதில் பாதிக்கு மேற்படாமல் விடுவது உசிதம்.

நம் உதாரணத்தில் மணிக்கு 300 லிட்டர் என்று நிர்ணயித்துக்கொள்வோம். அப்பொழுது 200 லிட்டர் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒன்றரைச் சுற்றும், நாளொன்றுக்கு 36 சுற்றும் விளக்கைக் கடக்கும். மேலே கண்ட அண்டாக் கணக்குப்படி, 100-ல் 99 பங்கு குறைவதற்கு 920 லிட்டர் கடக்க வேண்டும். இது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேலை. வீட்டுத் தொட்டிக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் அதே தொட்டியில் வடிகட்டிக்காக ஓடும் பம்பு மணிக்கு 600 லிட்டரோ 1,000 லிட்டரோ தள்ளக்கூடும். வடிகட்டிக்கு அவ்வேகம் தேவையே. விளக்குக்கு அது தகாது. ஆகவே முழு ஓட்டத்தையும் விளக்கினுள் விடாமல், ஒரு கிளையை மாத்திரம் விட வேண்டும். தலைவாய்க்காலின் முழுத் தண்ணீரையும் ஒரே வயலில் விடாமல், மடை வைத்துப் பிரித்து விடுவதற்கு ஒப்பானது இது.

குழாயின் வரிசை

வரிசை மாறாதது: தொட்டி, வடிகட்டி, பம்பு, விளக்குக் கருவி, மறுபடியும் தொட்டி. மூடிய வெளி வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதன் வெளிவாய்க் குழாயில் கருவியை இணைக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் இணைத்தால் அழுக்குத் தண்ணீர் நேராக விளக்கில் படும். தவிர, உறிஞ்சும் பக்கத்தில் தடை ஏற்பட்டால் பம்பும் சிரமப்படும். தொட்டிக்குக் கீழே வேறொரு வடிகட்டும் தொட்டி வைத்திருப்பவர்கள், அதன் கடைசி அறையிலிருந்து மேலே தள்ளும் பம்பின் குழாயில் இணைக்கலாம்.

ஒரு வீட்டில் வடிகட்டிக்கு முன்பாகக் கருவியைப் பொருத்தியிருந்ததை யான் பார்க்க நேர்ந்தது. நான்கு மாதத்தில் குவார்ட்ஸ் உறையின்மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம் படிந்து, உள்ளே விளக்கு எரிவதே மங்கலாய்த் தெரிந்தது. அவ்வீட்டார் அந்நான்கு மாதமும் மின்சாரத்துக்குப் பணம் கட்டி வந்தார்கள். தண்ணீருக்குக் கதிர் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

பம்பிலிருந்து வரும் குழாயில் ஒரு 'டீ' இணைப்பு வைத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு கிளை ஒரு பால் வால்வுடன் நேரே தொட்டிக்குச் செல்லட்டும். மற்றக் கிளை, பால் வால்வு, யூனியன், கருவி, யூனியன், பால் வால்வு என்ற வரிசையில் சென்று, தனிக் குழாயாகவே தொட்டியில் விழட்டும். இரு கிளைகளையும் மறுபடி ஒன்றாகச் சேர்ப்பவர்களும் உண்டு. தனித்தனியே விடுவதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. அதாவது, விளக்கைக் கடந்து வரும் தண்ணீரை மாத்திரம் வாளியில் பிடித்து அளந்துகொள்ளலாம்.

யூனியன் இரண்டும், அவற்றின் வெளிப்புறத்தில் வால்வு இரண்டும் வைப்பதனால், தொட்டியை வடிக்காமலும் மீனைக் கலைக்காமலும் கருவியைக் கழற்றித் துடைக்க முடியும். இச்சிறு செலவைச் சிக்கனம் பிடித்தவர்கள் கருவியைத் துடைக்காமலே விட்டுவிடுவார்கள். இறுதியில் அது அலங்காரப் பொருளாகவே நிற்கும்.

பொருத்தும் விதம்

1. கருவியைச் சுவரிலோ தாங்கியின் பக்கவாட்டிலோ நெட்டுக்குத்தாய் நிறுத்தி, தண்ணீர் கீழ்வாய் வழியே புகுந்து மேல்வாய் வழியே வெளியேறும்படி இணைக்க வேண்டும். அப்பொழுது உள்ளே காற்று தங்காது. படுக்கையாக வைக்க நேர்ந்தால் இரு வாய்களும் மேல்நோக்கி இருக்க வேண்டும். காற்று தங்கிய பாகத்தில் உறை சூடேறிக் கெடும். தண்ணீரும் கதிரின் பாகத்தில் ஒரு பங்கை இழக்கும்.

2. தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடமும் சுத்தமான தண்ணீர் வந்து விழும் இடமும் எதிரெதிர் முனைகளில் அமைய வேண்டும். அருகருகே இருந்தால் சுத்தமான தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றிவரும்.

3. ஒடிந்த வளைவுகளைக் கூடியவரையில் குறைக்க வேண்டும். ஒவ்வொரு எல்போவும் பம்பின் வேகத்தைத் தின்னும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயை மாட்டும் இடங்களில் எல்லாம் கிளிப்புப் போட்டு இறுக்க வேண்டும். ஓரிடத்தில் குழாய் கழன்றால், உறிஞ்சும் குழாயின் வாய் மட்டம் வரையில் தொட்டித் தண்ணீர் வீட்டினுள் பாய்ந்துவிடும்.

4. கீழ்த்தொட்டி உள்ளவர்கள் மேலே செல்லும் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் ஆழமாக விடலாகாது. மின்சாரம் நின்றால் அதே குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கிக் கீழ்த்தொட்டி வழிந்துவிடும். முனை நீர்மட்டத்துக்கு மேலிருப்பது நல்லது. இன்றேல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டு, அதை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. பி.வி.சி. குழாய்களைப் பசையிட்டு ஒட்டினால் ஒருநாள் முழுவதும் காயவிட்டு, பிறகு நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டு, அத்தண்ணீரை வெளியே கொட்டிவிட வேண்டும். பசையின் வாடை நீங்கும் முன் மீன் தொட்டியுடன் இணைத்தல் ஆகாது. மரையுள்ள இடங்களில் டெஃப்லான் நாடா சுற்றினாற் போதும்.

6. குவார்ட்ஸ் உறையையும் விளக்கையும் வெறுங்கையால் தொடாமல் சுத்தமான துணியால் பிடிக்க வேண்டும். ரப்பர் வளையத்தை மடங்காமல் அமர்த்தி, மூடியைக் கையால் மாத்திரம் இறுக்க வேண்டும். ஸ்பானர் போட்டால் உறை விரிசல் காணும்.

7. எல்லாம் இணைத்தபின் விளக்கை ஏற்றாமல் ஒருநாள் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கசிவு இல்லை என்று நிச்சயமான பிறகே விளக்குக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வேகத்தை அளத்தல்

பம்பின்மேல் அச்சிட்டுள்ள வேகத்தை நம்பலாகாது. அது குழாயும் உயரமும் இல்லாதபோது கிடைக்கும் வேகம். விளக்குக் கிளையின் முனையில், தண்ணீர் வழக்கமாக விழும் உயரத்திலேயே, 10 லிட்டர் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 36,000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 60 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 600 லிட்டர். 120 விநாடியில் நிறைந்தால் 300 லிட்டர். நமக்கு வேண்டியது பின்னது. கருவிக்குப் பின்னாலுள்ள வால்வைச் சிறிது சிறிதாக மூடி இவ்வளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிவாயிற் குறைப்பதால் கருவியின் உட்புறம் எப்பொழுதும் நிரம்பியிருக்கும். இரு கிளைகளின் வால்வுகளையும் ஒருங்கே மூடிவிட்டுப் பம்பை ஓட்டக்கூடாது.

வடிகட்டியில் அழுக்கு ஏற ஏற வேகம் மாறும். ஆகவே மாதம் ஒருமுறை இவ்வாறு அளந்து, தொட்டியின் பக்கத்தில் ஒரு சீட்டில் தேதியுடன் குறித்து வருதல் நன்று.

மின்சாரமும் கண்ணும்

தண்ணீரும் மின்சாரமும் ஓரிடத்திற் கூடுவதால் அஜாக்கிரதைக்கு இடமில்லை. நில இணைப்புள்ள மூன்று துளைப் பிளக்கையே உபயோகிக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சு ஒன்றை வீட்டுப் பலகையில் அமைத்துக்கொள்ள வேண்டும். பிளக்குக்குச் செல்லும் ஒயரைக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றினால், ஒயர் வழியே வழியும் நீர்த்துளி பிளக்கை எட்டாமல் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லாவற்றையும் அணைத்துவிடுதல் வேண்டும்.

பம்பையும் விளக்கையும் ஒரே ஸ்விட்சில் இணைப்பது அவசியம். பம்பு நின்று விளக்கு மாத்திரம் எரிந்தால் கருவிக்குள் நிற்கும் தண்ணீர் சூடேறும்.

எரியும் விளக்கை நேரே பார்க்கலாகாது. சில விநாடிகளில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தலும் நீரும் வலியும் உண்டாகும். தோலும் கன்றும். எரிகிறதா என்று பார்ப்பதற்காகக் கருவியைத் திறந்து வைத்து ஏற்றுவது கூடாது. அதற்கென்று கருவியில் விடப்பட்டுள்ள ஒளி புகும் பாகத்தின் வழியே பார்த்தாற் போதும். குழந்தைகள் உள்ள வீடுகளில் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

பராமரிப்பு

விளக்கின் நீல வெளிச்சம் வேறு. கிருமியைக் கொல்லும் கதிர் வேறு. காலம் செல்லச் செல்லக் கதிர் குறைந்துகொண்டே வரும். நீல வெளிச்சமோ கண்ணுக்குப் பழையபடியே தோன்றும். ஆகையால் எரிகிறது என்பது வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி அன்று. இவ்விளக்குகளின் பயனுள்ள ஆயுள் பொதுவாக 8,000 முதல் 9,000 மணி. ஒரு வருடத்துக்கு 8,760 மணி. எனவே இடைவிடாது எரியும் விளக்கை வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் மறதி ஏற்படாது. அடிக்கடி அணைத்து ஏற்றுவதும் ஆயுளைக் குறைக்கும். 11 வாட் விளக்குக்கு மாதம் சுமார் 8 யூனிட் மின்சாரமே செலவாகும். அதில் மிச்சம் பிடிக்க இரவில் அணைப்பது லாபமன்று.

நம் நாட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. அத்தகைய தண்ணீரில் குவார்ட்ஸ் உறையின்மேல் வெள்ளைப் படிவு ஏற்படும். இரண்டு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, இரு வால்வுகளையும் மூடி, உறையை எடுத்து, எலுமிச்சம்பழச் சாறு அல்லது வினிகரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலம்பிப் பொருத்த வேண்டும். மணலோ சாம்பலோ இட்டுத் தேய்த்தால் உறை கீறிப்போகும்.

அணைக்க வேண்டிய காலங்கள்

மெதிலீன் புளூ போன்ற சாய மருந்துகளையும் வேறு சில மருந்துகளையும் இக்கதிர் சிதைத்துவிடும். மருந்திட்ட நாட்களில் விளக்கை அணைத்து வைக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் நமது வயல் மண்ணில் செய்யும் அதே வேலையை வடிகட்டியிலும் செய்கின்றன. அவை பெரும்பாலும் வடிகட்டிப் பொருளில் ஒட்டி வாழ்வதால் நிலைபெற்ற தொட்டியில் விளக்கினால் அவற்றுக்குக் கெடுதியில்லை. புதிய தொட்டியில் அவற்றைத் தண்ணீரில் கலந்து விடும்போது மட்டும், அவை ஒட்டிக்கொள்ளும் வரையில் சில நாட்கள் அணைத்து வைக்கலாம்.

குஞ்சுகளுக்கு உணவாகப் பச்சைத் தண்ணீரோ நுண்ணுயிரிகளோ வளர்க்கும் தொட்டிகளை இக்கருவியுடன் சேர்க்கவே கூடாது. குஞ்சின் உணவை நாமே அழித்தவர்களாவோம்.

விற்பனைக்கு வளர்ப்போருக்கு

கொட்டகையில் பத்துத் தொட்டிகளை ஒரே வடிகட்டியுடன் இணைத்து வளர்ப்பவர்களுக்கு இவ்விஷயம் அழகைப் பற்றியதன்று, முதலைப் பற்றியது. பத்துத் தொட்டியின் தண்ணீரும் ஓரிடத்திற் கூடித் திரும்பிச் செல்வதால், ஒரு தொட்டியில் தோன்றிய நோய் அன்றைக்கே ஒன்பது தொட்டிகளுக்கும் வழி பெற்றுவிடுகிறது. இங்கே கிளை வைத்துப் பாதித் தண்ணீரை விடுவது போதாது. கூடிய தண்ணீர் அனைத்தும், தொட்டிகளுக்குப் பிரியுமுன், விளக்கைக் கடந்தே செல்ல வேண்டும். அதற்குத் தக்க பெரிய கருவியையோ, பக்கத்திற் பக்கமாக இணைத்த பல கருவிகளையோ முழு வேகத்துக்கும் கணக்கிட்டு அமைக்க வேண்டும். அவ்வளவு முதல் போட இயலாதவர்கள் தொட்டிகளைத் தனித்தனி வடிகட்டியுடன் வைத்துக்கொள்வதே மேல். எவ்வாறாயினும், புதிதாக வாங்கிவந்த மீனை இரண்டு அல்லது மூன்று வாரம் பொதுத் தண்ணீருடன் சேராத தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கென்று வலையும் வாளியும் வேறாக வேண்டும். விளக்கு இருக்கிறதே என்று இதைக் கைவிட்டவர்களின் கொட்டகைக்கே நோய் முதலிற் புகும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

பல ஊர்களில் ஏற்பட்டிருக்கும் குடிதண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே வகை விளக்கு வைக்கப்பட்டிருப்பதுண்டு. தெளிந்த தண்ணீர், குறித்த வேகம், சுத்தமான உறை, வருடத்துக்கொரு புதிய விளக்கு என்னும் விதிகள் அங்கும் பொருந்தும். மீனுக்குச் சொன்னதை மனிதருக்குச் செய்யாமல் விடுவது நியாயமாகாது. ஆகையால் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அந்நிலையங்களில் விளக்கு மாற்றிய தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்வையிட்டு வருவார்களாக.

எரிந்து முடிந்த விளக்கில் பாதரசம் இருக்கிறது. அதைக் குப்பைமேட்டிலோ கிணற்றங்கரையிலோ எறியவும் உடைக்கவும் கூடாது. உடையாமல் காகிதத்திற் சுற்றி வைத்திருந்து, மின்கழிவு பெறுவோரிடம் சேர்க்க ஊராட்சிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும். வீட்டில் தவறி உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியேறி, பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கையுறை அணிந்து அட்டையால் வாரி, மூடிய பாத்திரத்தில் இட வேண்டும்.

முடிவாக

எல்லாத் தொட்டிக்கும் இக்கருவி அவசியம் என்று சொல்ல வரவில்லை. சில மீன்களே உள்ள தொட்டியை வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, மிஞ்சாத அளவில் இரை போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றி வந்தால் பெரும்பாலும் விளக்கின்றியே நலமாயிருக்கும். வெயிலும் மிஞ்சிய இரையுமே பாசிக்கு எருவாகும். அவற்றைக் குறைக்காமல் விளக்கை மாத்திரம் வாங்குவது, களைக்கு உரமிட்டுக்கொண்டே களையெடுப்பதை ஒக்கும். மீன் நெருங்கிய தொட்டிகளுக்கும், புதிய மீன் அடிக்கடி வந்து சேரும் இடங்களுக்கும் கருவி மிகவும் உபயோகமானது. வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் கருவிக்கு ஆகும் செலவுடன் இரண்டு யூனியன், மூன்று வால்வு, ஒரு வாளி, ஒரு கடிகாரம் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விளக்கின் பலன் அவற்றால் நிர்ணயிக்கப்படுகிறது என்பதை மனத்திற் கொண்டு, மேற்கண்ட முறைப்படி அமைத்துப் பயன்பெறுவார்களென நம்பப்படுகிறது.